ஹேமக்கில் படுத்தால் முதுகு வில்லாக வளைகிறது, நீங்கள் எல்லாம் எப்படித்தான் தூங்குகிறீர்கள்?

அரைத்தூக்கம்

முகாம் போகும்போதெல்லாம் கூடாரத்துக்கு அடியில் கல்லும் வேரும் குத்தக் குத்தப் படுத்து அலுத்துப்போய், இனிமேல் தரையே வேண்டாம் என்று போன மாதம் ஒரு ஹேமக், அதாவது இரண்டு மரங்களுக்கு நடுவே கட்டித் தொங்கவிடும் துணிப் படுக்கை, வாங்கினேன். பாராசூட் துணி மாதிரி மெல்லியதாக, இரண்டு முனையும் கொசுவி முடிச்சுப் போட்ட வகை. இதுவரை இரண்டு இரவு அதில் படுத்திருக்கிறேன். இரண்டையும் சேர்த்து நான்கு மணி நேரம் தூங்கியிருந்தால் அதிகம்.

முதல் இரவு தொய்வாகக் கட்டியிருந்தேன். படுத்ததும் தலை மேலே, கால் மேலே, இடுப்பு மட்டும் பள்ளத்தில். முதுகு வில்லாக வளைந்துவிட்டது. தொய்வுதான் காரணம் என்று நினைத்து இரண்டாம் இரவு மரத்தில் சுற்றிக் கட்டும் பட்டைகளை என் பலம் கொண்ட மட்டும் இழுத்துக் கட்டினேன், கட்டில் போலச் சமமாகிவிடும் என்று. ஆனால் துணியின் இரண்டு ஓரமும் எழும்பி வந்து தோள்களை நெருக்கியதில் ஏதோ பொட்டலம் கட்டிப் போட்டது போல ஆகிவிட்டது. அப்புறம் முழங்கால் பின்பக்கமாக மடங்கப் பார்ப்பது போல ஒரு வலி. விடியற்காலையில் முதுகுப் பக்கம் மட்டும் சில்லென்று குளிர். மூன்று மணிக்கு மேல் பொறுக்க முடியாமல் தரைக்கே இறங்கிவிட்டேன்.

உயரம் 178 செ.மீ., எடை 80 கிலோ. வீட்டில் ஒருக்களித்துத்தான் படுப்பேன். எங்கே தப்பு செய்கிறேன்? இல்லை, இது எல்லோருக்கும் சரிப்பட்டு வராத சமாச்சாரமா?

மரத்துக்குமரம்

முதல் இரவு நீங்கள் கட்டியது பெரும்பாலும் சரி, படுத்த விதம்தான் தப்பு. இரண்டாம் இரவு கட்டியதே தப்பு. புதிதாக வருகிறவர்கள் பாதிப் பேர் இந்த வரிசையில்தான் போவார்கள், நானும் போயிருக்கிறேன்.

ஹேமக்கில் இறுக்கினால் சமமாகாது, தளர்த்தினால்தான் சமமாகும். கேட்க முரணாக இருக்கும். இரண்டு முனையிலும் துணி கொசுவி ஒரே இடத்தில் சேர்கிறது இல்லையா, அதனால் நடுக்கோடு எப்போதும் வளைந்துதான் கிடக்கும். அந்தக் கோட்டின் மேலேயே நேராகப் படுத்தால் உடம்பும் வளையும், அதை யாராலும் மாற்ற முடியாது. ஆனால் மூலைக்கு மூலை படுத்துப் பாருங்கள். தலையை ஒரு பக்கம், காலை எதிர்ப்பக்கம் தள்ளி, நடுக்கோட்டிலிருந்து 15, 20 பாகை விலகினால் போதும். நடுவில் துணி முனையை நோக்கி ஏறிக்கொண்டே போகும். ஓரத்தில் அந்த ஏற்றம் இல்லை. தலையும் காலும் ஏற்றத்தை விட்டு ஓரத்துக்கு வந்ததும் முதுகு தானாக நீண்டுவிடும். வித்தியாசம் அரை நிமிடத்தில் தெரியும்.

இப்படி விலகிப் படுக்க ஓரத்தில் துணி தளர்வாக இருந்தாக வேண்டும். நீங்கள் இழுத்துக் கட்டியபோது அந்தத் தளர்வு முழுவதும் போய்விட்டது, அதனால்தான் தோளை நெருக்கியது.

எவ்வளவு தளர்த்துவது என்றால், பட்டை தரைமட்டத்துக்கு 30 பாகைச் சரிவில் மரத்திலிருந்து இறங்க வேண்டும். ஆள்காட்டி விரலை ஹேமக் பக்கமாகத் தரைக்குச் சமமாக நீட்டுங்கள், கட்டைவிரலை நிமிர்த்துங்கள். பட்டை இரண்டு விரல் நுனியையும் தொட்டுக்கொண்டு போனால் கிட்டத்தட்ட அந்தக் கோணம்தான். நான் வேறு எதுவும் வைத்து அளந்ததே இல்லை. உட்கார்ந்து பார்த்தால் நாற்காலி உயரம், அதாவது தரையிலிருந்து சுமார் 45 செ.மீ. இருக்க வேண்டும். மரங்களுக்கு இடையே நான்கிலிருந்து ஐந்து மீட்டர் இருந்தால் பட்டையை ஏறக்குறைய தலை உயரத்தில் கட்ட வேண்டி வரும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், இது தூக்கத்தைப் பற்றியது இல்லை, உயிரைப் பற்றியது. 30 பாகையில் கட்டினால் ஒவ்வொரு பட்டையும் உங்கள் எடை அளவுக்கு, 80 கிலோ, இழுவை தாங்கும். அதையே 10 பாகைக்கு இழுத்துக் கட்டினால் ஒவ்வொரு பக்கமும் 230 கிலோ. மரம், பட்டை, கொக்கி எல்லாவற்றுக்கும் அந்தச் சுமைதான். கட்டும் முன் நிமிர்ந்து மேலே பாருங்கள், காய்ந்த கிளை தொங்கினால் அந்த மரமே வேண்டாம்.

கெண்டைக்கால்

என் பெயரைப் பார்த்தாலே எனக்கு என்ன பிரச்சினை இருந்தது என்று தெரியும் 😄

மரத்துக்குமரம் சொன்னபடி மூலைக்கு மூலை படுத்தால் முதுகு சரியாகிவிடும், ஆனால் உடனே அடுத்தது கிளம்பும். கால்மாட்டு முடிச்சிலிருந்து விறைப்பாக ஒரு மடிப்பு கிளம்பி நேராகக் கெண்டைக்காலுக்கு அடியில் வந்து நிற்கும். முதலில் ஒன்றும் தெரியாது. இரண்டு மணி நேரம் கழித்து அது கம்பி போல அழுத்தும். நடுவில் முட்டு தாங்கல் இல்லாமல் தொங்குவதால் பின்னால் மடங்குகிற வலி வருகிறது. உங்களுக்கு இரண்டாம் இரவு வந்ததும் இதன் தங்கைதான்.

எனக்குப் பலித்தது இரண்டு. முதலாவது, கால்மாட்டுப் பக்கத்தைத் தலைமாட்டைவிட 20 செ.மீ. உயர்த்திக் கட்டுவது. காலை உயர்த்தினால் ரத்தம் தலைக்கு ஏறிவிடாதா என்று என் தங்கை பயந்தாள். ஏறாது, படுத்த பிறகு உடம்பு சமமாகத்தான் இருக்கும். நம் எடை பெரும்பாலும் இடுப்புக்கு மேலே இருக்கிறது, இடுப்போ துணியின் ஆகப் பள்ளமான இடத்தைத் தேடிப் போகும். இரண்டு பக்கமும் ஒரே உயரத்தில் கட்டினால் அந்தப் பள்ளம் நட்டநடுவில் இருக்கும், நாமும் இரவெல்லாம் கால்மாட்டுப் பக்கமாகச் சறுக்கிக்கொண்டே இருப்போம், காலையில் பார்த்தால் பாதம் முடிச்சுக்குள் சொருகியிருக்கும். கால்மாடு உயர்ந்தால் பள்ளம் தலைப்பக்கம் நகர்ந்துவிடும், போட்ட இடத்திலேயே கிடக்கலாம்.

இரண்டாவது முட்டுக்கு அடியில் ஏதாவது ஒன்று. ஒரு ஸ்வெட்டரைச் சுருட்டி வையுங்கள், போதும். ஒன்றும் இல்லாத இரவில் ஒரு காலை மடக்கி மற்ற காலின் மேல் சாய்த்துக்கொள்வேன், நாலு என்று எழுதிய மாதிரி.

தலையணை பெரிதாக வேண்டாம். துணியே தலையைக் கொஞ்சம் தூக்கிக் கொடுக்கிறது, அதற்கு மேல் வீட்டுத் தலையணையை வைத்தால் முகவாய் நெஞ்சில் முட்டும், மறுநாள் கழுத்து திரும்பாது. கழுத்துப் பள்ளத்துக்கு மட்டும் சின்னதாக ஒன்று.

தரையேகதி

எல்லோரும் ஒரே பாட்டைப் பாடுகிறீர்களே என்று எழுதுகிறேன். நான் ஒரு வருடம் முயன்றவன். கோணம், கால்மாடு, முட்டுக்குச் சுருட்டி வைப்பது எல்லாம் செய்தேன். மல்லாந்து படுத்தால் அருமைதான், மறுக்கவில்லை. ஆனால் நான் குப்புறப் படுத்தால்தான் தூங்குவேன், முனை கொசுவிய ஹேமக்கில் குப்புறப் படுப்பது என்பது இடுப்பைப் பின்பக்கமாக ஒடிப்பதற்குச் சமம். ஒருக்களிப்பவர்களுக்கு அந்த அளவு மோசமில்லை, ஆனால் வீட்டுக் கட்டில் மாதிரி என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

குப்புறப் படுப்பவர்களுக்கு பிரிட்ஜ் ஹேமக் என்று ஒரு வகை இருக்கிறது, இரண்டு முனையிலும் குறுக்குக் கம்பு கொடுத்து நீளவாட்டில் சமமாக நிற்கும். எடை கூடும், கம்பை வேறு சுமக்க வேண்டும், சிலருக்கு அதிலும் தோள் இடிக்கும். இதையும் தோட்டத்தில் தொங்கும் கம்பு வைத்த கயிற்று ஊஞ்சலையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். அது பார்க்கச் சமமாக இருக்கும், ஆனால் இறுக்கமாக நிற்பதால் நம் உடம்பு மேலேயே உட்கார்ந்திருக்கும், தூக்கத்தில் லேசாகப் புரண்டாலும் கவிழ்த்துவிடும். எனக்குத் தெரியும். மூக்கு சாட்சி.

கடைசியில் நல்ல காற்று மெத்தை ஒன்றை வாங்கித் தரையிலேயே படுக்கிறேன். வெட்கமே இல்லை.

மரத்துக்குமரம்

@தரையேகதி குப்புற விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. ஆனால் ஒருக்களிப்பவர் அவ்வளவு சீக்கிரம் கைவிட வேண்டாம். மூலைக்கு மூலை படுத்த பிறகு, முட்டைக் கொஞ்சம் மடக்கிக்கொண்டு அப்படியே பக்கவாட்டில் திரும்புங்கள். தரையில் ஒருக்களித்தால் இடுப்பெலும்பும் தோளும்தான் எடையைத் தாங்கும், இங்கே துணி உடம்போடு ஒட்டிக்கொண்டு வருவதால் அந்த இடத்து அழுத்தம் குறைவு. ஒருக்களித்தே தூங்குகிற ஆள்தான் நானும். ஹேமக்கில் மட்டும் பாதி இரவு மல்லாந்து கிடக்கிறேன், அதுவாகவே வந்த பழக்கம்.

அரைத்தூக்கம்

எல்லோருக்கும் நன்றி. நேற்று மதியம் கட்டிப் பார்த்தேன். விரலை நீட்டிக் கோணம் பார்த்து, நாற்காலி உயரத்தில் வைத்து, கால்மாட்டைத் தூக்கிக் கட்டி... முதுகு வளைவு பாதிக்கு மேல் போய்விட்டது, நம்பவே முடியவில்லை. ஆனால் ஓரமாக நகர்ந்து படுத்தால் கொஞ்ச நேரத்தில் துணி என்னை மறுபடி நடுவுக்கே இழுத்து வருகிறது. கெண்டைக்கால் மடிப்பும் இருக்கிறது. முழுதாக ஓரத்துக்குப் போக இடமே இல்லை போலத் தோன்றுகிறது. அளந்து பார்த்தேன், முடிச்சிலிருந்து முடிச்சு வரை 260 செ.மீ.

ஆட்டமும் ஒரு தொல்லை. காற்று அடித்தால் விழித்துக்கொள்கிறேன்.

கெண்டைக்கால்

260 செ.மீ.யா! இதை முதல் பதிவிலேயே சொல்லியிருந்தால் இவ்வளவு எழுதியிருக்க மாட்டோமே.

அது உட்கார்ந்து படிக்கிற ஹேமக், தூங்குகிற ஹேமக் இல்லை. 178 செ.மீ. ஆளுக்கு 11 அடி, அதாவது 335 செ.மீ. இருந்தால்தான் மூலைக்கு மூலை படுக்க இடம் கிடைக்கும். பலரும் அகலத்தைப் பார்த்து வாங்குகிறார்கள், இரண்டு பேர் படுக்கலாம் என்று பெட்டியில் எழுதியிருந்தால் சந்தோஷப்படுகிறார்கள். அகலம் கூடினால் ஓரத்தில் துணி முகத்தில் வந்து படபடக்கும், அவ்வளவுதான் லாபம். நீளம்தான் முதுகை நேராக்கும். நீளம் கூடக்கூட அந்தக் கெண்டைக்கால் மடிப்பும் தளரும்.

புதியது வாங்கும் வரை இருப்பதை இன்னும் கொஞ்சம் தொய்வாகக் கட்டிப் பாருங்கள், அதிசயம் நடக்காது, ஆனால் ஓரிரண்டு கை அகலம் இடம் கிடைக்கும்.

முகட்டுக்கயிறு

நீளமானது வாங்கும்போது ரிட்ஜ்லைன் போட்டுக்கொள்ளுங்கள். ஹேமக்கின் இரண்டு முனைக்கும் நடுவே நேராக ஒரு நீளாத மெல்லிய கயிறு, ஹேமக் நீளத்தில் 83 சதவீதம். 335க்கு 278 செ.மீ. வரும். அதன்பிறகு மரங்கள் கிட்ட இருந்தாலும் தள்ளி இருந்தாலும் தொய்வு மாறாது, ஒவ்வொரு இடத்திலும் புதிதாகத் திண்டாட வேண்டாம். படுத்துக்கொண்டு அந்தக் கயிற்றை விரலால் மடக்கிப் பாருங்கள். லேசாக வளைந்து கொடுத்தால் சரி. தந்தி போல விறைத்து நின்றால் பட்டையைத் தளர்த்துங்கள். 83 என்பது வேதவாக்கு இல்லை, அங்கிருந்து தொடங்கி இரண்டு மூன்று செ.மீ. கூட்டிக் குறைத்து உங்கள் முதுகைக் கேளுங்கள்.

பட்டையும் துணியும் நைலான் என்றால் நனைந்தால் நீளும், மழை இரவில் நாற்காலி உயரத்தில் படுத்தவர் காலையில் தரையைத் தொட்டுக்கொண்டு எழுவார். பட்டை மட்டுமாவது பாலியஸ்டரில் இருக்கட்டும்.

முதுகுக் குளிரைப் பற்றி ஒருவரும் பேசவில்லையே. ஸ்லீப்பிங் பேக்கின் அடிப்பக்கம் நம் எடையில் நசுங்கிவிடும், நசுங்கினால் உள்ளே காற்று நிற்காது, காற்று நிற்காவிட்டால் சூடும் நிற்காது. அடியில் வேறு காற்று ஓடிக்கொண்டே இருக்கிறது. இதற்குத்தான் அண்டர்குயில்ட் என்று ஹேமக்குக்கு வெளியே, அடியில் தொங்கவிடும் மெத்தை விற்கிறார்கள். அது நசுங்காது. ஆனால் அதை மிக இறுக்கிக் கட்டினால் திரும்பவும் தோளை நெருக்கும், தொட்டும் தொடாமலும் இருக்க வேண்டும். இப்போதைக்குத் தரையில் விரிக்கிற நுரை மெத்தையை உள்ளே போட்டுக்கொள்ளலாம். நழுவும்தான், ஆனால் அகலமானதாக இருந்தால் தோளைக் கொஞ்சம் விரித்தும் கொடுக்கும்.

ஆட்டத்துக்கு: ஹேமக்கின் ஒரு ஓரத்திலிருந்து மெல்லிய எலாஸ்டிக் கயிறு ஒன்றைத் தரையில் முளை அடித்துக் கட்டிவிடுங்கள், அடங்கிவிடும். எனக்கு ஆட்டம் இல்லாவிட்டால்தான் தூக்கம் வராது. 2011இல் ஜெனீவா பல்கலைக்கழகத்தில் 12 பேரை மதியம் 45 நிமிடம் மெதுவாக ஆடும் கட்டிலில் படுக்க வைத்துப் பார்த்தார்கள், ஆடாத கட்டிலில் படுத்ததைவிடச் சீக்கிரம் தூங்கிவிட்டார்கள். தூளியில் கிடக்கும் குழந்தைக்கு இதைச் சொல்ல எந்த ஆய்வும் தேவைப்படவில்லை.

அரைத்தூக்கம்

335 செ.மீ. ஒன்று வாங்கி, வெள்ளிக்கிழமை இரவு படுத்தேன். ரிட்ஜ்லைன் 280இல் வைத்தேன், கால்மாடு 20 செ.மீ. உயரம், உள்ளே பழைய நுரை மெத்தை. தலை இடது ஓரம், கால் வலது ஓரம். எதிர்ப்பக்கமும் முயன்றேன், ஏனோ எனக்கு இதுதான் ஒத்துவந்தது. பதினொன்றுக்குப் படுத்தவன் நாலரைக்கு ஒரு தடவை எழுந்தேன், அதுவும் சிறுநீர் கழிக்க. இருட்டில் திரும்பி வந்து அதே இடத்தில் படுக்கத்தான் பத்து நிமிடம் ஆனது, நடுவில் உட்கார்ந்து முதலில் தலையைச் சாய்த்து, அப்புறம் காலைத் தூக்கிப் போட வேண்டும் என்று மூன்றாவது தடவைதான் புரிந்தது.

கெண்டைக்காலில் மடிப்பு இன்னும் லேசாக இருக்கிறது. அடுத்த தடவை முட்டுக்கு ஸ்வெட்டர்.

தரையேகதி

அந்தப் பழைய 260 செ.மீ.யை என்ன செய்யப் போகிறீர்கள்? உட்கார்ந்து படிக்க எனக்கு ஒன்று வேண்டும்.