புதுப்பிப்பு: டயல்-அப்பில் அதே மின்னஞ்சல்கள் மீண்டும் மீண்டும் இறங்கிய சிக்கல் தீர்ந்தது

உதவிய அனைவருக்கும் நன்றி. தொலைபேசி இணைப்பில் மோடம் வழியே இணையத்துக்குச் செல்லும் டயல்-அப் தொடர்பில், அவுட்லுக் எக்ஸ்பிரஸ் என்ற அஞ்சல் மென்பொருளில் ஏற்கெனவே வந்த 11 கடிதங்களே ஒவ்வொரு முறையும் திரும்ப இறங்கி, 12ஆவது கடிதத்தில் தொடர்பு அறுந்துவிடுகிறது என்று கேட்டிருந்தேன்.

முதலில் மோடத்தின் டிரைவரை மாற்றினேன், பயனில்லை. சர்வருக்கான காத்திருப்பு நேரத்தை 1 நிமிடத்திலிருந்து 5 நிமிடமாக உயர்த்தியபோது சற்றுக் கூடுதலாகத் தாக்குப்பிடித்ததே தவிர, முடிவு மாறவில்லை. உலாவி வழியாக அஞ்சல் பெட்டிக்குள் சென்று பெரிதாக இருந்த அந்த 12ஆவது கடிதத்தை அழித்துவிடுமாறு ஒருவர் சொன்ன யோசனையே பலித்தது. அதில் 3 எம்பி அளவுக்குத் திருமணப் படங்கள் இருந்தன. அஞ்சலில் செல்வதற்காகக் குறியாக்கம் செய்யப்படும்போது கோப்பு மூன்றில் ஒரு பங்கு பெருத்து 4 எம்பி ஆகிவிடுவதால், நொடிக்கு 4 கேபி வரும் என் தொடர்பில் அது இறங்க ஏறத்தாழ 17 நிமிடங்கள் வேண்டும். சர்வரிலிருந்து அஞ்சலை இறக்கும் பாப்3 முறையில் மென்பொருள் முறையாக விடைபெற்ற பிறகே சர்வர் பழைய கடிதங்களை நீக்கும். நடுவில் அறுந்தால் அத்தனையும் அங்கேயே இருக்கும்.

எதிர்பாராதது ஒன்று உண்டு. படங்கள் போன பிறகும் மாலையில் தொடர்பு அறுந்தது. அக்கா தொலைபேசியில் அழைக்கும் நேரம் அது என்பதும், கால் வெயிட்டிங் ஒலி மோடத்தின் சமிக்ஞையைக் குலைக்கிறது என்பதும் பிறகுதான் புரிந்தது. அந்த வசதியை நிறுத்தச் சொன்னேன். அதன்பின் ஒரு முறைகூட அறுபடவில்லை. அக்காவுக்குத்தான் இப்போது எங்கள் எண் எப்போதும் பிஸி.