அலுமாரிச் சாவி யார் கையில்? நிதியங்கள் கொடுக்கும் பொருளும் தோட்டப்பாடசாலைகளும்

மேற்பிரிவு ஆசிரியை:
இலங்கை மலையகத் தோட்டப் பாடசாலைகளைப் பற்றி நேற்று பசறையான் இந்தப் பக்கத்தில் எழுதியதை இரண்டு முறை வாசித்தேன். "பழைய மாணவர்கள் நடத்தும் எங்கள் நிதியம் மூன்று நுணுக்குக்காட்டிகள் (மைக்ரோஸ்கோப்) வாங்கிக் கொடுத்தது. ஓராண்டு கழித்துப் போய்ப் பார்த்தால் மூன்றும் அலுமாரிக்குள் பூட்டிக் கிடக்கின்றன. நம் ஆசிரியர்களிடம் கொடுப்பதும் பதுளு ஓயா ஆற்றில் போடுவதும் ஒன்றுதான்." இதுதான் அவருடைய வாசகம்.

எந்தப் பாடசாலை என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கப்போவதில்லை. ஆனால் "நம் ஆசிரியர்கள்" என்று எல்லோரையும் ஒரே கூடையில் அள்ளிப் போட்டிருப்பதால் பதில் சொல்லும் உரிமை எனக்கு இருக்கிறது. 19 ஆண்டுகளாக விஞ்ஞானம் கற்பிக்கிறேன். என் அலுமாரியும் பூட்டித்தான் இருக்கிறது.

ஏன் தெரியுமா? அன்பளிப்பாக வந்த பொருள் பாடசாலைக்குள் நுழைந்ததும் பொருட்பதிவேட்டில் ஏற வேண்டும். ஏறிய பிறகு அது அரச சொத்து. ஆண்டுதோறும் கணக்கெடுக்க வருவார்கள். ஒரு வில்லை காணாமல் போனாலும் பொறுப்பாக இருப்பவர் விளக்கம் எழுத வேண்டும். கவனயீனம் என்று முடிவானால் பணத்தை அவரிடமே அறவிட நிதிப் பிரமாணங்களில் இடமிருக்கிறது. எங்கள் கட்டடத்தின் பின்பக்க ஜன்னலுக்குக் கண்ணாடி கிடையாது, வெறும் கம்பிவலைதான். இரவுக் காவலாளியும் இல்லை. கொடுத்தவர்கள் படம் எடுத்துக்கொண்டு பின்னேர பஸ்ஸில் போய்விடுவார்கள். கையெழுத்துப் போட்ட நான் இங்கேயே இருக்கிறேன்.

பசறையான்:
டீச்சர், பூட்டியிருக்கிறது என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். நானும் அதைத்தானே சொன்னேன்? பிறகு எதற்கு இவ்வளவு கோபம்?

அந்த மூன்றுக்கும் பணம் கொடுத்தவர்கள் செல்வந்தர்கள் அல்லர். கொழும்பில் புடவைக்கடையிலும் சாப்பாட்டுக்கடையிலும் காலையிலிருந்து இரவு வரை நிற்கிற பையன்கள். மாதம் 500 ரூபாய் வீதம் 14 மாதங்கள் சேர்த்தோம். ஒருவன் தீபாவளிக்குச் சட்டை எடுக்காமல் அந்தக் காசைக் கொடுத்தான். அவனிடம் நான் என்ன சொல்வது? உன் காசு பதிவேட்டில் பத்திரமாக ஏறியிருக்கிறது என்றா? வெங்காயத் தோலில் கலத்தைப் பார்க்கப் பதிவேட்டுக்குக் கண் இருக்கிறதா?

கொழும்புக் கணக்காளன்:
இருவரும் மன்னிக்க வேண்டும். முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளலாமா? நிதியம் என்று எதைச் சொல்கிறோம்? பாடசாலை அபிவிருத்திச் சங்கமா, பழைய மாணவர் சங்கமா, பதிவுசெய்த அறக்கட்டளையா? முதலாவதற்கு அதிபரே தலைவர். மற்ற இரண்டிலும் எப்போதும் அப்படியல்ல. பொருளுக்குப் பொறுப்பு யார் என்பது அதைப் பொறுத்துத்தான் மாறும்.

மேற்பிரிவு ஆசிரியை:
தம்பி பசறையான், பூட்டியிருப்பது வேறு, திறக்காமலிருப்பது வேறு. என் அலுமாரி திங்கட்கிழமையும் புதன்கிழமையும் திறக்கப்படுகிறது. தரம் 10இல் 41 பிள்ளைகள், நுணுக்குக்காட்டி ஒன்று. வெங்காயத் தோலை உரித்து, வழுக்கி என்ற கண்ணாடித் தகட்டில் வைத்து, அயடீன் விட்டு, ஒவ்வொரு பிள்ளையாக வந்து கண் வைக்கும்போது 40 நிமிடப் பாடவேளையில் ஆளுக்கு ஒரு நிமிடம்கூடக் கிடைப்பதில்லை.

எங்களுக்கும் ஒரு நிதியம் உதவியது. என்ன வேண்டும் என்று கேட்டார்கள். நான் எழுதிக் கொடுத்தது: வழுக்கி இரண்டு பெட்டி, அதன் மேல் மூடும் மெல்லிய கண்ணாடியான மூடித்துண்டு, அயடீன், இரண்டு சோடி மின்கலம், ஆய்வுகூட யன்னலுக்குக் கண்ணாடி. வந்தது என்ன? மனித உடலின் பெரிய பிளாத்திக்கு மாதிரியுரு. அழகானதுதான், குறை சொல்லவில்லை. ஆனால் எங்களிடம் அது ஏற்கெனவே ஒன்று இருக்கிறது. கேட்டதைக் கொடுக்காமல், படத்தில் நன்றாகத் தெரிவதைக் கொடுத்தார்கள்.

பசறையான்:
நான் மாதிரியுருவைப் பற்றிப் பேசவில்லை. அலுமாரியைப் பற்றிப் பேசுகிறேன்.

இன்னொன்றும் சொல்கிறேன். மழைக்காலத்தில் மலையில் அடிக்கும் ஈரத்தில் பூட்டிய அலுமாரிக்குள் வைத்தால் வில்லையில் பூஞ்சணம் பிடிக்கும். காற்றும் வெளிச்சமும் படாத ஈரமான இடத்தில் அது நன்றாக வளரும். நாங்கள் போய்ப் பார்த்தபோது ஒன்றின் வில்லை பனி மூட்டம்போல இருந்தது. துடைத்தோம், போகவில்லை. பாதுகாக்கப் பூட்டினோம் என்கிறீர்கள். பூட்டியதால்தானே பழுதானது?

மேற்பிரிவு ஆசிரியை:
அந்தப் பூஞ்சணத்துக்காகத்தான் என் அலுமாரிக்குள் 15 வாட் குமிழ் ஒன்று எரிகிறது. என் சம்பளத்தில் வாங்கியது, பதிவேட்டில் இல்லை. குமிழ் போனால் அன்றே மாற்றுகிறேன். மின்சாரம் போகும் நாளில் அரிசியைத் துணியில் கட்டி உள்ளே வைக்கிறேன். உங்கள் நிதியம் மூன்று நுணுக்குக்காட்டி கொடுத்தபோது உலர்த்தும் சிலிக்கா ஜெல் ஒரு பொட்டலமாவது கொடுத்ததா? பராமரிப்புக்கு என்று ஆண்டுக்கு ஒரு தொகை ஒதுக்கியதா? மாட்டை அவிழ்த்துக் கொடுத்துவிட்டு, புல்லுக்கு வழி சொல்லாமல் போய், மெலிந்துவிட்டது என்று ஊரெல்லாம் சொல்வதா?

ஹட்டன் வாசி:
டீச்சர் சொல்வது நூற்றுக்கு நூறு சரி. பதுளைப் பக்கத்து ஆட்களுக்கு எப்போதும் இதே பழக்கம். கொடுப்பது கால்படி, அதைச் சொல்லிக் காட்டுவது முக்கால்படி.

பசறையான்:
ஹட்டனில் இருந்துகொண்டு இதைப் பேச உங்களுக்கு வெட்கமாக இல்லையா? மலையகம் என்றாலே நுவரெலியா மாவட்டம் என்று ஆக்கி வைத்திருக்கிறீர்கள். வெளிநாட்டுத் தூதுவர் வந்தால் ஹட்டன், அமைச்சர் வந்தால் ஹட்டன், கல்வியியல் கல்லூரி கட்டினால் ஹட்டன் பக்கத்துப் பத்தனை. பதுளை மாவட்டத்துப் பசறையிலும் லுணுகலையிலும் இருப்பவர்கள் மலையகத்தார் இல்லையா? இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்களை இங்கே எத்தனை பேர் நினைக்கிறீர்கள்? நாங்கள் நிதியம் தொடங்கியதே அந்தக் கோபத்தில்தான். உங்கள் பக்கம் வரும் உதவியில் பத்தில் ஒன்று எங்கள் பக்கம் வந்திருந்தால் புடவைக்கடைப் பையனிடம் நான் 500 ரூபாய் கேட்டிருக்க மாட்டேன்.

ஓய்வுபெற்ற அதிபர்:
பிள்ளைகளே, மாவட்டச் சண்டையை விடுங்கள். 1945இல் இலவசக் கல்வி வந்தபோது தோட்டப் பள்ளிக்கூடம் அதற்கு வெளியே நிறுத்தப்பட்டது. பதுளை, ஹட்டன் என்று பார்த்து நிறுத்தவில்லை, எல்லோரையும்தான் நிறுத்தினார்கள். 1970களில்தான் அரசாங்கம் அவற்றைப் பொறுப்பேற்கத் தொடங்கியது. அதுவரை ஒரே அறை, ஒரே ஆசிரியர், தோட்டத்துரை நினைத்தால் பாடம். நான் படித்த அறைக்கு மேசையே இருக்கவில்லை, அலுமாரிக்கு எங்கே போவது? 1980களில் சுவீடன் உதவியில் கட்டடங்கள் எழுந்தன. ஜெர்மன் உதவியில் பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியல் கல்லூரி வந்தது. நம் பிள்ளைகள் பயிற்சி பெற்ற ஆசிரியர்களாக வெளியே வந்தார்கள். அந்த டீச்சரும் அப்படி வந்தவராக இருக்கலாம். அவரைப் பழிக்கக் கூடாது.

பொருள் கொடுப்பதை விடப் பணமாகப் பிள்ளைக்குக் கொடுப்பது மேல் என்பது என் எண்ணம். இந்திய அரசின் ஆதரவில் நடக்கும் தோட்டத் தொழிலாளர் கல்வி நம்பிக்கை நிதியம் 1940களிலிருந்து புலமைப்பரிசில் கொடுத்து வருகிறது. பணம் பிள்ளையின் படிப்புக்குப் போகிறது. அதற்கு அலுமாரியும் தேவையில்லை, சாவியும் தேவையில்லை.

பசறையான்:
சேர், உங்கள் மேல் மரியாதை இருக்கிறது. ஆனால் புலமைப்பரிசில் கிடைப்பது ஏற்கெனவே உயர்தரம் வரை ஏறிவிட்ட பிள்ளைக்கு. தரம் 8இல் விஞ்ஞானம் என்றால் பயந்து பின்வாங்கும் பிள்ளைக்கு அந்த நிதியம் என்ன செய்யும்? அதற்குத்தான் நுணுக்குக்காட்டி கொடுத்தோம். அதைத்தான் பூட்டினார்கள்.

மேற்பிரிவு ஆசிரியை:
சேர், ஸ்ரீபாதவில்தான் பயின்றேன். நன்றி.

பசறையான், நீங்கள் "பூட்டினார்கள்" என்று எழுதும் ஒவ்வொரு முறையும் நான் "திறக்கிறோம்" என்று எழுதுவேன்.

ஹப்புத்தளை–போர்ட்லண்ட்:
நான் ஹப்புத்தளையில் பிறந்து இப்போது அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் இருக்கிறேன். இங்கே உள்ளூர்க் கல்வி நிதியங்கள் நிறைய உண்டு. கலிபோர்னியாவில் 1978இல் வாக்காளர்கள் நிறைவேற்றிய 13ஆம் முன்மொழிவு சொத்து வரிக்கு உச்சவரம்பு வைத்ததும் பாடசாலைகளின் வருமானம் சுருங்கியது. பெற்றோரும் ஊராரும் நிதியங்களைத் தொடங்கினார்கள். கல்விச் சபையிலிருந்து தனித்து நிற்கும் தரும அமைப்புகள் அவை. பல இடங்களில் ஆசிரியரே ஒரு பக்கத்துக்கு விண்ணப்பம் எழுதுவார்: இந்த வகுப்பு, இந்தச் செயற்றிட்டம், இவ்வளவு செலவு. தெரிவானால் சிறு மானியம் வரும். தவளைக் குளம் அமைக்கவும், வகுப்புக்கு நூல்கள் வாங்கவும், பிள்ளைகளை அருங்காட்சியகம் அழைத்துச் செல்லவும் அப்படிப் பணம் பெற்ற ஆசிரியர்களைக் கண்டிருக்கிறேன். வருட முடிவில் என்ன நடந்தது என்று ஆசிரியர் எழுதிக் கொடுக்க வேண்டும்.

இங்கும் சண்டை உண்டு. வசதியான பகுதிப் பெற்றோர் அதிகம் திரட்டுவார்கள், ஏழைப் பகுதியால் முடியாது. போர்ட்லண்டில் பல ஆண்டுகளாக ஒரு விதி இருந்தது: ஒரு பாடசாலைக்காகத் திரட்டும் பணத்தில் முதல் 10,000 டாலருக்கு மேற்பட்டதில் மூன்றில் ஒரு பங்கு பொது நிதிக்குப் போய், வசதி குறைந்த பாடசாலைகளுக்குப் பகிரப்படும். அதுவும் போதாது என்று சிலரும், எங்கள் பணத்தை ஏன் எடுக்கிறீர்கள் என்று சிலரும் வாதாடி, 2024இல் கல்விச் சபை அந்த ஏற்பாட்டையே மாற்றியது.

மேற்பிரிவு ஆசிரியை:
இதைத்தான் முதலிலிருந்து சொல்கிறேன்! ஆசிரியர் எழுதிக் கேட்கிறார், பிறகு பணம் வருகிறது. இங்கே நிலைமை தலைகீழ். பொருள் லொறியில் வருகிறது, பிறகு ஆசிரியரைத் தேடுகிறார்கள். எங்களிடம் விண்ணப்பம் கேளுங்கள். நான் இரண்டு பக்கம் எழுதுகிறேன். வருட முடிவில் அறிக்கையும் தருகிறேன்.

பசறையான்:
அமெரிக்காவில் அலுமாரியைப் பூட்டுகிறார்களா இல்லையா? அதைச் சொல்லவில்லையே.

ஹப்புத்தளை–போர்ட்லண்ட்:
பூட்டுகிறார்கள் அண்ணா. ஆனால் சாவி வகுப்பாசிரியரிடம் இருக்கும்.

பசறையான்:
அப்படியென்றால் நான் சொன்னதுதான் சரி. நாங்கள் போன பாடசாலையில் சாவி விஞ்ஞான ஆசிரியரிடம் இல்லை. அதிபர் அறையில் ஆணியில் தொங்கியது. அதிபர் வலயக் கல்விப் பணிமனைக் கூட்டத்துக்குப் போனால் அறையும் பூட்டு, அலுமாரியும் பூட்டு.

மேற்பிரிவு ஆசிரியை:
இதை நேற்றே எழுதியிருக்க வேண்டும். நேற்று "ஆசிரியர்கள்" என்று எழுதினீர்கள், இன்று "அதிபர்" என்கிறீர்கள். ஆசிரியர் மேல் போட்ட பழியைத் திரும்பப் பெறுவீர்களா?

ஓய்வுபெற்ற அதிபர்:
இப்போது அதிபர்மார் மேல் திரும்புகிறதா? 11 ஆண்டுகள் அதிபராக இருந்தேன். சாவியை ஆணியில் தொங்கவிட்டதற்குக் காரணம் உண்டு. இடமாற்றம் பெற்ற ஓர் ஆசிரியர் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு மட்டக்களப்புக்குப் போய்விட்டார். பூட்டை உடைக்க நான் கடிதம் எழுதி அனுமதி பெற ஒரு தவணை ஆனது.

கொழும்புக் கணக்காளன்:
இதனால்தான் நிதியம் என்றால் எது என்று முதலிலேயே கேட்டேன். அபிவிருத்திச் சங்கத்தின் வழியாக வந்திருந்தால் சாவி பற்றி ஒரு தீர்மானம் எழுதியிருக்கலாம்.

கொழுந்துக்கூடை:
நான் ஆசிரியரும் இல்லை, நிதியமும் இல்லை. மலையில் கொழுந்து எடுக்கிறேன். இதை என் மகன் எழுதித் தருகிறான். 2024இல் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாய் என்று ஆனது. அன்றைக்குரிய கிலோ நிறையாவிட்டால் சம்பளம் முழுதாக வராது. பாடசாலைக்குச் சிரமதானம் என்றால் ஒரு நாள் பெயரை, அதாவது அன்றைய சம்பளத்தை, விட்டுவிட்டுப் போகிறேன். என் மகள் தரம் 10. சென்ற தவணையில் ஒரு நாள் வீட்டுக்கு வந்து, "அம்மா, வெங்காயத் தோலுக்குள்ளே நம் லயத்து வீடுகள் மாதிரி வரிசையாக அறை அறையாக இருக்கிறது" என்றாள். இரவு சோறு ஆக்கும்போது வெங்காயத்தை என் கையிலிருந்து வாங்கி, தோலை விளக்குக்கு நேரே பிடித்துக் காட்டினாள். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அவளுக்குத் தெரிந்தது.

மேற்பிரிவு ஆசிரியை:
அக்கா, உங்கள் மகளுக்கு அதைக் காட்டியவர் ஓர் ஆசிரியர். பசறையான் இதை வாசிக்கட்டும். அலுமாரி திறக்காமலா அந்தப் பிள்ளை பார்த்தாள்?

பசறையான்:
அக்கா, கையெடுத்துக் கும்பிடுகிறேன். ஆனால் டீச்சர், அந்த அம்மா சொன்னதைக் கவனியுங்கள். தவணைக்கு "ஒரு நாள்". ஒரு தவணைக்கு ஒரு நாள் திறப்பதற்கா 14 மாதங்கள் காசு சேர்த்தோம்?

மேற்பிரிவு ஆசிரியை:
அந்தப் பாடம் தவணைக்கு ஒரு முறைதான் வரும்! பாடத்திட்டத்தை எடுத்துப் பாருங்கள்.

ஹட்டன் வாசி:
எங்கள் பக்கத்தில் இரண்டு முறை செய்கிறார்கள்.

பசறையான்:
மீண்டும் ஹட்டன்.

மேற்பிரிவு ஆசிரியை:
எல்லோருக்கும் ஒரு வார்த்தை. பசறையான், வருகிற திங்கட்கிழமை காலை எட்டரைக்கு என் வகுப்புக்கு வாருங்கள். சாவி என் கைப்பையில் இருக்கும். நீங்களே திறவுங்கள், நீங்களே ஒரு வழுக்கியைத் தயார் செய்து 41 பிள்ளைகளுக்கும் காட்டுங்கள். வரும்போது மூடித்துண்டு ஒரு பெட்டி வாங்கி வாருங்கள். என்னிடம் நான்குதான் மீதி.

பசறையான்:
திங்கட்கிழமை எனக்கு வேலை நாள் டீச்சர். சனிக்கிழமை என்றால் வருகிறேன்.

மேற்பிரிவு ஆசிரியை:
சனிக்கிழமை பாடசாலை பூட்டியிருக்கும்.

பசறையான்:
பார்த்தீர்களா.

மேற்பிரிவு ஆசிரியை:
பாடசாலை சனிக்கிழமை மூடியிருப்பதற்கும் என் அலுமாரிக்கும் என்ன தொடர்பு? மூடித்துண்டு பற்றிப் பதில் சொல்லுங்கள்.

பசறையான்:
அடுத்த கூட்டத்தில் வைக்கிறேன். ஆனால் எங்கள் உறுப்பினர்கள் முதலில் கேட்கப்போவது அந்த மூன்று நுணுக்குக்காட்டிகளையும் அந்தச் சாவியையும்தான்.