தினம் ஒரு மூலை: வீட்டை ஒழித்து அடுக்கிய அனுபவங்கள்

ஆறாம் மாடி, ரங்கூன்

எங்கள் வீடு பன்னிரண்டரை அடி அகலம், ஐம்பது அடி நீளம். ரங்கூன் நடுவூரில் குடியிருப்பவர்களுக்கு இந்த அளவைச் சொன்னாலே மிச்சம் புரிந்துவிடும். முன்பக்கம் வெளிச்சம், பின்பக்கம் சமையல்கட்டு, நடுவில் பகலிலும் இருட்டு. மாமியார் காலத்துச் சாமானெல்லாம் அந்த நடுப்பகுதியில்தான். லிப்ட் கிடையாது. மேலே ஏறிய எதுவும் திரும்பி இறங்கியதில்லை.

போகிக்கும் திஞ்ஜான் தண்ணீர்த் திருவிழா லீவுக்கும் மொத்த வீட்டையும் புரட்டிப் போடுகிற வழக்கம் இங்கே எல்லார் வீட்டிலும் உண்டு. சின்ன வீட்டுக்கு அது சரிவராது. வெளியே இழுத்துப் போட்டதற்கு நடுவே நிற்கக்கூட இடம் இருக்காது. அதனால் நான் பிடித்துக்கொண்டது சோறு வேகிற நேரத்தை. கரண்ட் இருந்தால் ரைஸ் குக்கர், இல்லாவிட்டால் கரி அடுப்பு. எதுவானாலும் சோறு இறங்குகிறவரை ஒரே ஓர் இடம்: ஓர் இழுப்பறை, இல்லை அலமாரியில் ஒரு தட்டு, இல்லை ஒரு பிஸ்கட் டின். பிரித்ததை அன்றைக்கே முடிக்க வேண்டும். பாதி பிரித்த டின் ராத்திரி தரையில் கிடந்தால் மறுநாள் யாருக்கும் கை வராது.

வாசல் ஆணியில் ஒரு பை தொங்குகிறது. வேண்டாததெல்லாம் அதற்குள். கீழே போகிறவர் யாராக இருந்தாலும் பையில் இருப்பதைக் கொஞ்சமாவது எடுத்துக்கொண்டுதான் இறங்கவேண்டும். கனமானதற்குப் பால்கனிக் கயிறு இருக்கிறது. தெருவரைக்கும் தொங்கும், நுனியில் கிளிப்பும் ஒரு மணியும். பேப்பர்காரர் பேப்பரை மாட்டிவிட்டு மணியை இழுப்பாரே, அதே கயிறு. காலையில் காலி பாட்டில், தகரம், பழைய பேப்பர் வாங்குகிறவர் கூவிக்கொண்டு வரும்போது மூட்டையை இறக்கினால், அவர் கீழேயே வீசைக்கணக்கில் நிறுத்து, பணத்தைக் கிளிப்பில் மாட்டி அனுப்பிவிடுவார். நாள் தவறாமல் மூட்டை இறங்குவதைப் பார்த்துவிட்டு ஒருநாள் அண்ணாந்து கேட்டார்: "மேலே பெரியம்மா தவறிட்டாங்களா?" என் மாமியார் பால்கனிக்கு வந்து, நான் இங்கேதான் இருக்கிறேன் என்று பர்மியத்தில் கத்தினார். அதற்குப் பிறகு அந்த வியாபாரி எங்களுக்கு எடை கொஞ்சம் தாராளமாகவே போடுகிறார்.

வந்தது என்னவென்றால்: வெயிலுக்கு இளகி டின்னோடு ஒட்டிப்போன ரப்பர் பேண்டுகள், தேதி முடிந்த மாத்திரைகள், மூடி இல்லாத டிபன் கேரியர் அடுக்குகள், எந்தப் போனுக்கும் சேராத சார்ஜர்கள், பூட்டில்லாத சாவிகள். முகத்தில் பூசும் தனாக்காக் கட்டையை அரைக்கிற கல் மூன்று இருந்தது. ஒன்று மாமியாருடையது, ஒன்று அவருடைய அம்மாவுடையது. மூன்றாவது யாருடையது என்று தெரியவில்லையாம், அதனால் கொடுக்கவே கூடாதாம். சரி, இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

உங்கள் வீடுகளில் எப்படி? எழுதுங்கள்.

மழை ஊர், மோல்மீன்

அக்கா சொல்லும் சோறு வேகிற கணக்கு நல்ல கணக்கு. எங்கள் ஊருக்கு இன்னொன்றும் சேர்க்கவேண்டும். இங்கே ஆண்டுக்கு 4,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை. ரங்கூனைப்போல ஒன்றரை மடங்குக்கும் அதிகம். எந்த மாதத்தில் எதைத் தொடுவது என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

வைகாசியில் மழை பிடித்தால் ஐப்பசிவரை நான் துணிப்பெட்டியையும் காகிதத்தையும் திறப்பதே இல்லை. காற்றில் ஈரம் எழுபது சதவீதத்துக்கு மேல் நின்றாலே பூஞ்சணத்துக்குப் போதும், ஆடி ஆவணியில் இங்கே அது எண்பதைத் தாண்டியே நிற்கும். அந்த நேரத்தில் பெட்டியைத் திறந்து 'ஒழுங்கு' பண்ணினால் ஈரத்தை உள்ளே வைத்து மூடுகிறோம் என்று அர்த்தம். மழை மாதங்களுக்கு எவர்சில்வர், கண்ணாடி, பிளாஸ்டிக் டப்பா, ஆணி டப்பா, மசாலாத் தட்டு இவைதான். கார்த்திகைமுதல் மாசிவரை துணி, புத்தகம், போட்டோ.

பட்டுச்சேலையை நேர்வெயிலில் போடாமல் நிழலில் காற்றாட விட்டு, பழைய மடிப்பிலேயே மடிக்காமல் மாற்றி மடித்து, வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி வைக்கிறோம். ஒரே மடிப்பில் வருஷக்கணக்காகக் கிடந்தால் அந்த வரியிலேயே பட்டு இற்றுவிடும். அந்துருண்டை சரிகையில் படக்கூடாது. அலமாரியைச் சுவரோடு ஒட்டவைக்காமல் நான்கு விரல் தள்ளிப் போட்டது எல்லாவற்றையும்விட உபகாரமாக இருந்தது. பின்பலகை ஊறுவது நின்றுவிட்டது. எங்களுடையது தேக்கு அலமாரி, அதற்கே இந்தப் பாடு. இப்போதைய ஒட்டுப்பலகை அலமாரி இந்த மழையை எப்படித் தாங்கும் என்று தெரியவில்லை.

போட்டோக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தால் பிய்க்காதீர்கள். அப்படியே உலர்ந்த இடத்தில் வைத்து, பிரிக்கத் தெரிந்தவர் கையில் கொடுங்கள்.

வயல் வீடு, தட்டோன் பக்கம்

நீங்கள் எல்லாரும் இடம் இல்லை என்கிறீர்கள். எங்களுக்கு இடம் இருப்பதுதான் தொந்தரவு. வீட்டுக்குப் பின்னால் கொட்டகை, அதற்குப் பின்னால் இன்னொரு சாய்ப்பு. அப்பா எதைக் கேட்டாலும் "கொட்டகையில போடு, நாளைக்கு உதவும்" என்பார். உடைந்த கலப்பை, நெல் சாக்கு, மண்ணெண்ணெய் டின், ஓட்டை வாளி.

கொட்டகையைக் கொஞ்சம் கொஞ்சமாக ஒழிப்பதற்கு எங்களிடம் வேறு காரணம் இருக்கிறது. சாக்குக் குவியலில் எலி குடியேறும், எலியைத் தேடிக் கண்ணாடி விரியன் வரும். பர்மாவில் வயல்காரர்களைக் கடிப்பதில் முன்னால் நிற்பது அதுதான். தம்பி ஒருதடவை சாக்கைத் தூக்கினபோது சீறல் கேட்டது. நல்லவேளை, முதலில் கம்பால் தட்டிவிட்டுத்தான் தூக்கினான். விரியன் சீறுவது கொல்லன் துருத்தி ஊதுகிற மாதிரி இருக்கும், ஒருதடவை கேட்டால் மறக்காது.

இப்போது காலை வெளிச்சம் வந்தபின், பூட்ஸ் போட்டுக்கொண்டு, கம்பால் தட்டி, ஒரு நாளைக்கு ஓர் அடுக்கு சாக்கு. வெறுங்கையை உள்ளே விடுவதில்லை. சாயங்காலம் செய்வதே இல்லை. அப்பா ஓட்டை வாளியை மட்டும் தர மறுத்துவிட்டார். அதில் இப்போது கறிவேப்பிலை வளர்கிறது.

பழைய கணக்கு, ரங்கூன்

என் வயது எழுபதைத் தாண்டிவிட்டது. பிள்ளைகள் தினம் ஒரு மூலை என்று ஆரம்பித்தபோது சாமிப் படங்கள் எனக்கு ஒதுக்கப்பட்டன. ஒரு படத்தைக் கழற்றித் துடைப்பது, திருப்பி மாட்டுவது, அவ்வளவுதான் என் வேலை. முருகன் படத்துக்குப் பின்னால் அட்டையை நெம்பினால் நோட்டுக் கட்டு. என் மனைவி வைத்தது. எல்லாம் 75 சாட் (பர்மா நாணயம்) நோட்டுகள்.

இளையவர்களுக்கு இது தெரியாது. 1964 மே மாதம் 50, 100 சாட் நோட்டுகள் செல்லாது என்றார்கள். 1985 நவம்பரில் திரும்பவும் 50, 100 போனது, கொஞ்சம் மாற்றிக்கொள்ள விட்டார்கள். அந்த மாதமே 75 என்று ஒரு நோட்டு வந்தது. 86ல் 15ம் 35ம் வந்தன. 1987 செப்டம்பர் 5ஆம் தேதி 25, 35, 75 மூன்றையும் ஒரே அடியாகச் செல்லாமல் ஆக்கினார்கள். அந்தத் தடவை மாற்றித் தரவும் இல்லை. அதே மாதம் 45ம் 90ம் வந்தன. இரண்டும் ஒன்பதால் வகுபடும், அப்போது நாட்டை ஆண்ட நே வின்னுக்கு ஒன்பது ராசி என்று ஊரே பேசியது. இதற்கெல்லாம் முன்னால் என் அப்பாவின் டிரங்குப் பெட்டியில் ஜப்பான்காரன் காலத்து ரூபாய் நோட்டுகள், எண்ணுக்குப் பதிலாக B என்று ஆரம்பிக்கும் எழுத்து போட்டவை. சண்டை முடிந்ததும் அவையும் வெறும் காகிதம்.

இப்படி அடி வாங்கி வாங்கித்தான் எங்கள் தலைமுறை பணத்தை நம்பாமல் பொருளாக வைத்துக்கொண்டது. பித்தளை அண்டா, சோப்பு, சீனி, நூல்கண்டு, எவர்சில்வர். எதற்கு இத்தனை அண்டா என்று மருமகள் கேட்கிறாள். நோட்டு செல்லாது என்று ரேடியோவில் சொன்னால் போயிற்று, அண்டாவை அப்படிச் சொல்ல முடியாதே! அவளுக்குச் சிரிப்பு. ஆனால் இரண்டை வைத்துக்கொண்டு மிச்சத்தைக் கோயில் அன்னதானத்துக்குக் கொடுக்க ஒத்துக்கொண்டேன். ஒரே நாளில் எல்லாவற்றையும் கேட்டிருந்தால் ஒன்றைக்கூடக் கொடுத்திருக்கமாட்டேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆறாம் மாடி, ரங்கூன்

ஐயா, உங்கள் பதிவை மாமியாருக்கு வாசித்துக் காட்டினேன். "அந்தப் பெரியவர் சொல்றதுதான் சரி" என்று சொல்லிவிட்டு, நான் எடுத்து வைத்திருந்த நூல்கண்டுகளை உள்ளே வாங்கிக்கொண்டு போய்விட்டார்!

கணக்கப்பிள்ளை பேத்தி, பெகு

தினம் ஒரு மூலைப் பழக்கத்தில் காகிதம் உள்ள மூலையை மட்டும் தனியாக வையுங்கள் என்று சொல்லவே எழுதுகிறேன்.

எங்கள் சித்தப்பா வீட்டில் ஒரு சாக்கு முழுக்கப் பழைய காகிதம். கரையான் வேறு. வீசைக்குப் போடலாம் என்று கயிறு கட்டி வைத்துவிட்டார்கள். நான் பார்க்கப் போன அன்று சும்மா ஒரு பிடி உருவினேன். மேலேயே 1939ஆம் வருஷத்து வாடகை ரசீது, தாத்தா பெயரில். அடியில் அத்தையின் பள்ளிக்கூடச் சான்றிதழ், அந்நியர் பதிவுப் புத்தகம் ஒன்று, அரிசிக் கார்டு.

1982 குடியுரிமைச் சட்டம் என்ன கேட்கிறது என்று பலருக்குக் கார்டு வேலை வரும்போதுதான் தெரிகிறது. பர்மா சுதந்திரம் பெற்ற 1948 ஜனவரி 4க்கு முன்பே நம்மவர்கள் இந்த மண்ணில் வந்து குடியிருந்தார்கள் என்பதற்கு ஆதாரம் வேண்டும். ரோஸ் கார்டா (முழுக் குடியுரிமை), நீலமா (இணைக் குடியுரிமை), பச்சையா (இயல்புரிமைக் குடியுரிமை) என்பது இதையெல்லாம் வைத்துத்தான் முடிவாகிறது. நம் வீடுகளில் பாதிக்குப் பிறப்புச் சான்றிதழே கிடையாது. அப்போது ஒரு வாடகை ரசீதுகூடக் கைகொடுக்கும். சித்தப்பா மகனுக்குக் கார்டு வேலை நடந்தபோது அலுவலகத்தில் அலையவிட்ட கதையை எழுத ஆரம்பித்தால் இன்றைக்கு முடியாது. கடைசியில் உதவியது அந்தச் சாக்குதான்.

நாங்கள் செய்தது இது. தினம் ஒரு பிடி மட்டும், பகல் வெளிச்சத்தில். துருப்பிடித்த குண்டூசியையும் கிளிப்பையும் எடுத்துவிடுவது, துரு காகிதத்தைத் தின்னும். மடித்தது உடைகிற மாதிரி இருந்தால் பலவந்தமாகப் பிரிக்காமல் விடுவது. ஆள்வாரியாகப் பிரிக்கிறோம், வருஷவாரியாக அல்ல, ஏனென்றால் அலுவலகத்தில் கேட்பது ஆளை வைத்துத்தான். தாத்தாவுக்கு ஓர் உறை, பாட்டிக்கு ஓர் உறை. வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று அரசாங்கம் பதிவு செய்கிற 66/6 குடும்பப் பட்டியல் தனி உறை. கரண்ட் வருகிற நேரத்தில் போட்டோ எடுத்து, நகலும் எடுத்து, நகலை வேறு வீட்டில் வைக்கிறோம். அச்சடித்த கல்யாணப் பத்திரிகைகளில் ஊரும் தேதியும் இருக்கும், அதையும் எறியவேண்டாம்.

பிறகு எது போகலாம்? கரண்ட் பில் சமீபத்தியது தவிர, கடை ரசீது, பழைய காலண்டர், பள்ளிக்கூட நோட்டு. சாக்கில் முக்கால்வாசி அதுதான் இருந்தது.

சந்தேகம், ரங்கூன்

அக்கா, எங்களிடம் தாத்தாவின் பதிவுப் புத்தகம் இருக்கிறது, ஓரமெல்லாம் உதிர்கிறது. கடையில் பிளாஸ்டிக் ஒட்டிக் கொடுக்கிறார்கள், கொடுக்கலாமா?

இன்னொன்றும் கேட்கவேண்டும். 64ல் பக்கத்து வீட்டார் இந்தியாவுக்குக் கப்பலேறும்போது பாட்டியிடம் ஒரு பெட்டி கொடுத்துவிட்டுப் போனார்கள். நகை, பணம் எதுவும் அதிகமாக எடுத்துப்போகவிடாத காலம். அவர்கள் திரும்பவில்லை, கடிதமும் நின்றுவிட்டது. நாங்கள் ஒருநாள் ஒரு மூலை என்று வந்து வந்து இப்போது அந்தப் பெட்டிக்கு வந்துவிட்டோம். திறந்தால் குத்துவிளக்கு, வாணலி, குழந்தைச் சட்டை, ஒரு வரவு செலவு நோட்டு. அம்மா தொடக்கூடாது என்கிறார். அண்ணன் அறுபது வருஷமாச்சு என்கிறான்.

கணக்கப்பிள்ளை பேத்தி, பெகு

பிளாஸ்டிக் ஒட்டவே ஒட்டாதீர்கள் தம்பி. சூட்டில் ஒட்டியதைத் திரும்பப் பிரிக்க முடியாது, அசல்தானா என்று அலுவலகத்தில் சந்தேகமும் வரும். ஓர் அட்டைக்கு நடுவில் தட்டையாக வைத்து, காகித உறையில் போட்டு, தகரப் பெட்டியில் வையுங்கள்.

பெட்டி விஷயம்: அந்த வரவு செலவு நோட்டின் முதல் பக்கத்தைப் பாருங்கள். அந்தக் காலத்தில் ஊர்ப் பெயர், கோயில் பெயர் எழுதித்தான் கணக்கு ஆரம்பிப்பார்கள். ஊர் தெரிந்தால் அந்த ஊர்க்காரர் யாராவது நம் ஆட்களில் இருப்பார்கள், கேட்டுப் பார்க்கலாம். ஒரு மாதம் பொறுங்கள். விளக்கை விற்காதீர்கள், வாணலியைத் துருப்பிடிக்காமல் எண்ணெய் தடவி வையுங்கள். சட்டையை மழைக்கு முன் காயவைத்துவிடுங்கள், மோல்மீன் அண்ணன் சொன்ன மாதிரி.

சந்தேகம், ரங்கூன்

முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழிக்குக் கீழே தேவகோட்டை என்று இருக்கிறது அக்கா. யாருக்காவது தேவகோட்டைப் பக்கம் ஆள் தெரிந்தால் சொல்லுங்கள்.