பிபிபி ஸ்கூல்: பில்டர் மஞ்சக் கடுதாசி கொடுத்துட்டா யார் தலையில விடியும்?

கோட்டூர்_புறா:
செமினாருக்கு பிபிபி, அதாவது அரசும் தனியாரும் சேர்ந்து செய்யற திட்டம், எடுத்திருக்கேன். பிரிட்டன்ல தனியார் கடன் வாங்கி ஸ்கூல் கட்டும், கவுன்சில் (அந்த ஊர் உள்ளாட்சி) 25, 30 வருஷம் வாடகை மாதிரி பணம் கட்டும், அது வரைக்கும் புரியுது. ஆனா பாதி சுவர் எழும்பும்போது பில்டர் திவாலானா? எங்க சார் "ரிஸ்க் தனியாரோடது"ன்னு ஒரே வரியில முடிச்சுட்டார், எனக்கு ஒட்டவே இல்ல.

பழைய_க்யூஎஸ்:
பேப்பர்ல சார் சொன்னது சரிதான் தம்பி. கவுன்சில் பில்டரோட ஒப்பந்தம் போடாது, அந்த வேலைக்குன்னே ஆரம்பிச்ச எஸ்பிவி கம்பெனியோட போடும், பில்டர் அதுக்குக் கீழதான். அவன் போனாலும் எஸ்பிவி இருக்கும், பேங்க் பணம் அதுல மாட்டிக்கிட்டு கிடக்கிறதால பேங்க்காரனே வேற பில்டரைத் தேட வைப்பான். பொதுவா முடிஞ்ச கட்டிடத்துக்குத்தான் கவுன்சில் காசு. 2003 அக்டோபர்ல ஸ்காட்லாந்து ஈஸ்ட் லோதியன்ல ஆறு ஹைஸ்கூல் வேலை நடுவுல, பில்டரா இருந்த பாலாஸ்ட் கம்பெனிக்கு அதோட டச்சு தாய்க் கம்பெனி இனி பணம் இல்லன்னு கையை விரிச்சுடுச்சு, வேலை அப்படியே நின்னுது.

செங்கல்_சித்தன்:
க்யூஎஸ் அண்ணே, அந்த ஆறு ஸ்கூலும் ஏற்கெனவே பசங்க படிச்சுக்கிட்டு இருந்த ஸ்கூல், அதைச் சொல்லுங்க. கவுன்சில் காசு தப்பிச்சுது சரி, சாரத்துக்கு நடுவுல உட்கார்ந்து படிச்ச பசங்களோட வருஷத்தை எந்த எஸ்பிவி திருப்பித் தரும்? அதுவும் இல்லாம நம்மூர்லயே பாதி வீட்டை வேற மேஸ்திரி கையில கொடுத்துப் பாருங்க, முன்னாடி கட்டினவனைத் திட்டாம கரண்டியைத் தொடமாட்டான், ரேட்டும் ஏத்துவான், மூடின சுவருக்குள்ள என்ன இருக்குன்னு கேட்டா எனக்குத் தெரியாதுங்கன்னுடுவான்.

மழைக்காகிதம்:
கட்டி முடிச்ச அப்புறமும் இந்தத் தொல்லை உண்டுங்க. 2018 ஜனவரி 15 காரிலியன்ங்கற பெரிய பிரிட்டிஷ் கட்டுமானக் கம்பெனி விழுந்தப்போ கையில இருந்த ரொக்கம் வெறும் 2.9 கோடி பவுண்டு, கடன் பாக்கி எல்லாம் சேர்த்து கிட்டத்தட்ட 700 கோடி. ஸ்கூல் சாப்பாடு, கிளீனிங் எல்லாம் அவங்க கையில. ஆக்ஸ்ஃபோர்ட்ஷயர்ல பசங்களுக்கு மதியச் சாப்பாடு கொண்டுபோக தீயணைப்புக்காரங்களை ரெடியா நிக்க வெச்சாங்க! அந்த வருஷம் அக்டோபர் பட்ஜெட்ல, புதுசா பிஎஃப்ஐ (தனியார் கடன்ல கட்டற இந்த பிபிபி முறைக்கு அங்க வெச்ச பேரு) ஒப்பந்தமே போடறதில்லன்னு அரசு அறிவிச்சுது. பழைய ஒப்பந்தத்துக்கு எல்லாம் கட்டணம் இன்னும் ஓடுது.

கோட்டூர்_புறா:
தீயணைப்பு வண்டியிலயிருந்தே செமினாரை ஆரம்பிச்சுடறேன். க்யூஎஸ் சார், புது பில்டர் பழைய சுவருக்கு கேரண்டி தரலன்னா அந்த ஓட்டை எஸ்பிவி தலையிலதானே?

பழைய_க்யூஎஸ்:
ஆமா. எஸ்பிவிகிட்ட காசு இருந்தா.