வெர்சாய் அரண்மனை: முழங்கால் வலியுள்ள அம்மாவோடு எப்படிச் சுற்றுவது?

வணக்கம். ஜூனில் அம்மாவோடு பாரிஸ் போகிறேன். ஒரு நாள் முழுக்க வெர்சாய்க்குத்தான். சரித்திர ஆசிரியையாக இருந்தவர். முதல் உலகப் போருக்குப் பிறகு 1919 சமாதான ஒப்பந்தம் கையெழுத்தான அந்தக் கண்ணாடி மண்டபத்தை நேரில் பார்க்க வேண்டும் என்பது அவருடைய பல வருட ஆசை. ஆனால் அதிகம் நடக்க முடியாது.

திங்கட்கிழமை மூடியிருக்கும், பூங்காவுக்குள் இருக்கும் திரியானோன் மாளிகைகள் மதியம்தான் திறக்கும் என்பது வரை தெரியும். காலையில் அரண்மனை, அப்புறம் தோட்டம் என்று வைத்துக்கொள்ளலாமா? நீரூற்றுகள் ஓடும் நாளில் கூட்டம் தாங்குமா? பெரிய கால்வாய் மட்டுமே ஒன்றரை கிலோமீட்டருக்கு மேல் நீளம். பூங்காவுக்குள் ஓடும் குட்டி ரயிலில் பெரியவர்கள் ஏறி இறங்க வசதியா, இல்லை மின்சார வண்டியை வாடகைக்கு எடுப்பது மேலா? பிரெஞ்சு ராணி மரி அந்துவானெத்தின் கிராமக் குடில்கள் வரை எப்படியாவது கூட்டிப் போக வேண்டும். வயதானவர்களோடு போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.