பின் சக்கர டிஸ்க் பிரேக்: பிஸ்டனை அமுக்காதீங்க, சுத்துங்க!

திருவான்மியூரிலிருந்து:

என்னுடையது 2009 ஹோண்டா சிவிக் கார். நான்கு சக்கரத்திலும் டிஸ்க் பிரேக். வீட்டிலிருந்து கடற்கரைக்கு நடந்தே போய்விடலாம், அதனால் துருவும் எங்கள் வீட்டு ஆள்தான்.

போன மழைக்காலம் முடிந்த கையோடு சோழிங்கநல்லூர் போய்விட்டு வந்து இறங்கினால், இடது பின் சக்கரத்தில் தீய்ந்த வாசனை. கையைக் கிட்டே கொண்டுபோக முடியவில்லை. மற்ற மூன்றும் சாதாரணச் சூடுதான். ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். டிஸ்கைக் கடித்துப் பிடிக்கும் பேட் தேய்ந்துவிட்டது என்று மாற்றிக் கொடுத்தார்கள். மூன்றே மாதம், மறுபடி அதே வாசனை.

இந்த முறை அடையாறில் தெரிந்த மெக்கானிக்கிடம் போய், கூடவே ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டேன். சக்கரத்தைக் கழற்றியதும் இரண்டு பேடையும் எடுத்து என் கையில் வைத்தார். வெளிப்பக்கத்தது கிட்டத்தட்டப் புதுசு. உள்பக்கத்தது இரும்புத் தகடுவரை போயிருந்தது.

"ரெண்டும் ஒரே நாள்ல போட்டது. ஒண்ணு மட்டும் தேஞ்சா பேடைத் திட்டாதீங்க சார், ஸ்லைடு பின்னைப் பாருங்க."

விஷயம் இதுதான். பிரேக் மிதித்தால் பேடைத் தள்ளும் பிஸ்டன் உள்பக்கம் மட்டும்தான் இருக்கிறது. அது உள் பேடை அமுக்கும்போது, பிஸ்டனும் பேடும் உட்கார்ந்திருக்கும் கவ்வியான கேலிப்பர் முழுசாக, ஸ்லைடு பின் எனும் இரண்டு கம்பி மேல் நகர்ந்து வெளி பேடை இழுத்துக் கடிக்க வேண்டும். என் வண்டியில் மேல் ஸ்லைடு பின் கையோடு வந்தது. கீழ் ஸ்லைடு பின்னை ஸ்பேனர் போட்டுத் திருகித் திருகி எடுத்தார். பழைய கிரீஸும் துருவும் சேர்ந்து புளிக்குழம்பு அடியில் தங்கிய மண்டி மாதிரி வந்தது. ரப்பர் உறை கிழிந்து தண்ணீர் போயிருக்கிறது. கேலிப்பர் நகராததால் உள் பேட் மட்டும் உரசிக்கொண்டே ஓடியிருக்கிறது.

அடுத்தது பிஸ்டன். முகத்தில் கீறல், சுற்றியுள்ள உறையும் பிய்ந்திருந்தது. "புது பேட் நுழையறதுக்காக யாரோ பிஸ்டனைக் கிளாம்ப் போட்டு நசுக்கியிருக்காங்க. முன் சக்கரத்துல அமுக்கலாம். இதுல ஹேண்ட் பிரேக்கும் சேர்ந்திருக்கு, உள்ள திருகு இருக்கு. அமுக்கக் கூடாது, கடிகாரம் சுத்துற பக்கமா சுத்திக்கிட்டே உள்ள தள்ளணும்."

கேலிப்பரே மாற்ற வேண்டியதாயிற்று. ஜி.பி. ரோட்டில் வாங்கினேன். விலையை இங்கே எழுதினால் வீட்டில் படித்துவிடுவார்கள். பேட் மட்டும் இடது, வலது இரண்டு பின் சக்கரத்துக்கும் புதுசு. ஸ்லைடு பின்னுக்கு, பிரேக்குக்கென்றே விற்கும் சிலிக்கான் கிரீஸ். கைக்குக் கிடைத்த கிரீஸைத் தடவினால் ரப்பர் உப்பிக்கொள்ளும். உள் பேடின் முதுகில் ஒரு சின்ன மொட்டு இருக்கிறது, அது பிஸ்டன் முகத்திலுள்ள பள்ளத்தில் உட்கார வேண்டும். அதற்காகவே நோஸ் பிளையரால் பிஸ்டனைக் கொஞ்சம் திருப்பினார். டிஸ்கை அளந்து, அதிலேயே பொறித்திருக்கும் குறைந்தபட்சத் தடிமனோடு ஒப்பிட்டார், தப்பித்தது. பிரேக் ஆயிலில் புகுந்த காற்றை எடுத்த பிறகுதான் ஹேண்ட் பிரேக் கேபிளைத் தொட்டார். வண்டியை நகர்த்துவதற்கு முன் பெடலை நான்கைந்து முறை மிதிக்கச் சொன்னார். முதல் மிதி தரைவரை போனது, வயிற்றைக் கலக்கிவிட்டது.

வேளச்சேரியிலிருந்து:

2023 டிசம்பர் மிக்ஜாம் மழையில் என் வண்டி தண்ணீரில் ஹேண்ட் பிரேக் போட்டபடி நின்றது. வடிந்தபின் எடுத்தால் பேட் டிஸ்கோடு ஒட்டிக்கொண்டு 'டக்'கென்று ஒரு சத்தம். அதிலிருந்து மழை அறிவித்தால் கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்துவிடுகிறேன். அப்புறம் இன்னொன்று: என்னுடையது பட்டனை அமுக்கினால் மோட்டார் பிடிக்கும் ஹேண்ட் பிரேக். பேட் மாற்றுவதற்கு முன், காரின் கம்ப்யூட்டரோடு பேசும் ஸ்கேனர் மாட்டி மோட்டாரைப் பின்வாங்க வைக்க வேண்டும். 'ஸ்கேனர் இருக்கா?' என்று போனிலேயே கேட்டுவிட்டுத்தான் போவேன்.

பெரம்பூரிலிருந்து:

நான் புதுப்பேட்டையில் பழைய கேலிப்பர் வாங்கினேன். வலதுக்குப் பதில் இடது. கடைக்காரர் மாற்றிக் கொடுத்தார், ஆனால் மாட்டிப் பார்க்கும்வரை எனக்கும் தெரியவில்லை, மெக்கானிக்குக்கும் தெரியவில்லை.