மகளுக்கு பி.டி.எஸ். (பல் மருத்துவப் படிப்பு) சீட்: ஃபீஸ் போக முதல் வருடத்துக்குக் கையில் எவ்வளவு வேண்டும்?

அல்சூர் மாவுக்கடை:

எல்லோருக்கும் வணக்கம். அல்சூரில் சின்னதாக இட்லி மாவுக் கடை வைத்திருக்கிறேன். வீட்டுக்காரர் ஆட்டோ ஓட்டுகிறார். சொந்த ஊர் திருவண்ணாமலைப் பக்கம், பிள்ளைகள் பிறந்து படித்ததெல்லாம் பெங்களூருதான். மூத்தவள் நீட் எழுதி, கே.இ.ஏ. (கர்நாடகத் தேர்வு ஆணையம்) கவுன்சிலிங்கில் இங்கேயே ஒரு காலேஜில் பி.டி.எஸ். சீட் வாங்கிவிட்டாள். எங்கள் இரண்டு வீட்டுப் பக்கத்திலும் டாக்டருக்குப் படிக்கப் போகிற முதல் பிள்ளை இவள்தான்.

ஏலச்சீட்டுப் பணத்தை எடுத்தும் வளையலை அடகு வைத்தும் ஃபீஸைக் கட்டிவிட்டோம். அதற்கு மேல் ஆகும் செலவுதான் தெரியவில்லை. அட்மிஷன் அன்று காலேஜ் வாசலில் ஒருவர் ஒரு தாளைக் கொடுத்து, "முழு செட் 22,000, இன்றைக்கே புக் பண்ணினால் 20,000" என்றார். நாற்பதுக்கு மேல் சாமான் எழுதியிருந்தது. மைக்ரோமோட்டார், ஆர்டிகுலேட்டர், கார்வர்... எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. வாங்காமல் வந்துவிட்டேன். வந்ததிலிருந்து மனசு அடித்துக்கொள்கிறது. சாமான் இல்லாமல் என் பிள்ளை வகுப்பில் நிற்கக் கூடாது.

வகுப்பு தொடங்க இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. அதுவரை அவள் வீட்டில் என்ன படிக்கலாம்? உடல் அறுத்துப் பார்க்கும் வகுப்பை நினைத்து இப்போதே பயப்படுகிறாள். அதற்கும் யாராவது ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

ஓக்லிபுரம் அப்பா:

வாங்காமல் வந்தது நல்லது அம்மா. நான் என் பையனுக்கு முதல் நாளே அப்படி ஒரு முழு செட்டை வாங்கிக் கொடுத்தேன். பாதிச் சாமான் இரண்டாம் வருடம்தான் பெட்டியை விட்டு வெளியே வந்தது. அதில் இரண்டு பை பிளாஸ்டர் மாவும் இருந்தது. மழைக்காலத்தில் கட்டில் அடியில் கிடந்து கல்லாகிவிட்டது. கடைக்காரர் திரும்ப எடுக்கவில்லை.

ஒன்று கேட்கிறேன், வங்கிக் கடன் எடுக்கவில்லையா? அடுத்த வருட ஃபீஸுக்காவது வித்யாலட்சுமி போர்ட்டலில் விண்ணப்பம் போடுங்கள். 7.5 லட்சம் வரை மத்திய அரசின் கடன் உத்தரவாதத் திட்டத்தில் சொத்து அடமானம் இல்லாமல் கிடைக்கும். காலேஜிலிருந்து செலவு விவரக் கடிதம் வாங்கும்போது ஃபீஸை மட்டும் எழுத விடாதீர்கள். புத்தகம், உபகரணம், பரீட்சைக் கட்டணம் எல்லாவற்றையும் தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள். கல்விக் கடனில் அதற்கும் இடம் உண்டு, பில் காட்டினால் வாங்கலாம். நான் ஃபீஸை மட்டும் எழுதிக்கொண்டு போனேன். மற்றதையெல்லாம் கைக்காசில்தான் வாங்க வேண்டியிருந்தது.

படிக்கும் காலத்தில் அசல் கட்ட வேண்டாம். முடிந்தால் மாதா மாதம் வட்டியை மட்டும் கட்டி வாருங்கள். அடகு வட்டியோடு ஒப்பிட்டுப் பார்த்தால் வித்தியாசம் உங்களுக்கே தெரியும்.

விவேக் நகர் ஹவுஸ் சர்ஜன்:

அம்மா, முதலில் உங்கள் மகளுக்கு வாழ்த்துகள். நான் இப்போது இன்டர்ன்ஷிப்பில் இருக்கிறேன். அப்பா தையற்கடை வைத்திருக்கிறார். காலேஜில் சேர்ந்த நாளிலிருந்து எனக்காக ஆன ஒவ்வொரு ரூபாயையும் அளவு எழுதும் நோட்டிலேயே அப்பா எழுதி வைத்தார். உங்கள் பதிவைப் பார்த்ததும் அந்த நோட்டைத் தேடி எடுத்தேன்.

அந்த வாசல் தாள் ஒரு வருடத்துச் சாமான் அல்ல. மைக்ரோமோட்டார் இரண்டாம் வருடத்தில், பல்லைக் குடைந்து அடைக்கப் பழகும்போதுதான் வேண்டும். முதல் வருட முடிவில் யுனிவர்சிட்டி பரீட்சை மூன்று பாடம்தான்: அனாட்டமி ஒன்று, பிசியாலஜியும் பயோகெமிஸ்ட்ரியும் சேர்ந்து ஒன்று, பல் அமைப்பும் ஓரல் ஹிஸ்டாலஜியும் (வாய்த் திசுக்கள் பற்றியது) ஒன்று. டென்டல் மெட்டீரியல்ஸ், பல்செட் செய்யும் பயிற்சி இரண்டும் முதல் வருடமே தொடங்கும், பரீட்சை இரண்டாம் வருடக் கடைசியில். அதனால் சாமானும் அந்தந்த நேரத்தில்தான் தேவைப்படும். ஒவ்வொரு டிபார்ட்மென்டும் தன் பட்டியலைத் தானே கொடுக்கும். அது கையில் வரும்வரை எதையும் வாங்க வேண்டாம்.

எனக்கு ஆனதைச் சொல்கிறேன், ஐந்து வருடத்துக்கு முந்தைய விலை. முதல் மாதம்: வெள்ளை ஏப்ரன் இரண்டு 900 ரூபாய், மெழுகு செதுக்கும் கருவிகள் 700, மெழுகுக் கட்டி ஒரு பெட்டி 350, ரெக்கார்டு நோட்டும் வரைபடத் தாளும் 750, அவென்யூ ரோட்டில் பழைய புத்தகம் 2,600. அப்புறம் மண்டையோடும் தாடை எலும்பும். அதை நாங்கள் நான்கு பேர் சேர்ந்து ஒரு சீனியரிடம் 6,000க்கு வாங்கினோம், என் பங்கு 1,500. அந்த மாதம் மொத்தம் 6,800. அடுத்த மூன்று மாதத்தில் ஜெராக்ஸையும் மெழுகையும் தவிர அப்பா நோட்டில் வேறு ஒன்றுமே இல்லை. ஐந்தாம் மாதம் ரப்பர் கிண்ணம், ஸ்பாட்டுலா, வாக்ஸ் நைஃப், பிளாஸ்டர், டென்டல் ஸ்டோன், சிவப்பு மாடலிங் வாக்ஸ் எல்லாம் சேர்த்து 2,900. மேல், கீழ் பல் அச்சுகளைப் பொருத்தி அசைத்துப் பார்க்கும் ஆர்டிகுலேட்டரை சீனியர் அக்கா 500க்குக் கொடுத்தார். வருடம் முழுக்க மெழுகுக்கு இன்னொரு 1,750. பரீட்சை ஃபீஸ், பைண்டிங், ஜெராக்ஸ் சேர்ந்து 6,000. எல்லாம் கூட்டினால் 18,000க்குக் கொஞ்சம் கீழே.

இன்றைய விலைக்கு 25,000 என்று வையுங்கள். அதை ஒரே நாளில் எடுக்க வேண்டியதில்லை. 9,000 இப்போது கையில் இருக்கட்டும். மாதம் 900 வீதம் பத்து மாதம் மாவுக் காசிலிருந்து தனியாக எடுத்து வையுங்கள், அது ஒரு 9,000. மீதி 7,000 பரீட்சைக்கு முன்னால் வேண்டும். அதைத் தொடாதீர்கள். எங்கள் வகுப்பில் பலர் திண்டாடியது அந்த மாதத்தில்தான். முதல் நாளே நிறையச் செலவழித்துவிட்டு, பரீட்சை ஃபீஸுக்குக் கடைசித் தேதியில் தோழிகளிடம் கேட்டு அலைந்தார்கள்.

பஸ்ஸுக்கு ஒரு ரூபாய்கூட ஒதுக்க வேண்டாம். கர்நாடக முகவரியுள்ள ஆதார் இருந்தால் போதும், 2023 ஜூனிலிருந்து பெண்களுக்கு பி.எம்.டி.சி. (பெங்களூரு நகர) சாதாரண பஸ்ஸில் டிக்கெட் இலவசம். ஏ.சி. வஜ்ராவில் மட்டும் செல்லாது.

இனி அந்த ஒரு மாதம். பாடப் புத்தகத்தை இப்போது எடுக்க வேண்டாம். அனாட்டமிக்குச் சௌராசியாவின் மூன்றாம் பாகம், தலையும் கழுத்தும், பின்னால் வாங்கினால் போதும். இப்போது பழக வேண்டியது கை. நீட்டுக்காக இரண்டு வருடம் விடைத்தாளில் வட்டத்தைக் கறுப்பாக்கித் தள்ளிய பிள்ளைகள் நாம். காலேஜில் போய் உட்கார்ந்ததும் ஒரு மெழுகுக் கட்டியைக் கொடுத்து, இதில் மேல் முன்பல்லைச் செதுக்கு என்பார்கள். அங்கேதான் பலருக்கும் அழுகை வரும்.

வீட்டில் துணி துவைக்கும் பார் சோப்பு இருக்கும். அதில் பழகச் சொல்லுங்கள். மேல் நடுப்பல்லுக்கு, பல் அமைப்புப் பாடத்துக்கான வீலர் புத்தகத்தில் உள்ள அளவு இது: வெளியே தெரியும் கிரீடம் 10.5 மில்லிமீட்டர் உயரம், வேர் 13, அகலம் 8.5, முன்பின் கனம் 7, கழுத்தில், அதாவது கிரீடமும் வேரும் சேரும் இடத்தில், அகலம் 7, கனம் 6. எல்லாவற்றையும் இரண்டால் பெருக்கி வரைபடத் தாளில் முன்பக்கத் தோற்றம் ஒன்று, பக்கவாட்டுத் தோற்றம் ஒன்று வரையட்டும். அதை வெட்டி சோப்பின் மேல் வைத்துக் கோடு போட வேண்டும். முதலில் பக்கவாட்டு உருவத்தை வெட்டி எடுத்து, அப்புறம் முன்பக்கத்தை வெட்டினால் பல் மாதிரி ஒரு சதுரக் கட்டை கிடைக்கும். அதன் விளிம்புகளை உருட்டுவது கடைசி வேலை. கழுத்தை முதலிலேயே மெலிதாக்கிவிடக் கூடாது. நான் அப்படிச் செய்துதான் என் முதல் பல் வேரும் கிரீடமும் தனியாக உடைந்தது.

மெழுகு வாங்கிய பிறகு சீவலை வீசாமல் ஒரு டப்பாவில் சேர்த்து வையுங்கள். ஒரு சின்னப் பாத்திரத்தில் போட்டு, அதை வெந்நீரில் நிறுத்தி உருக்கி, தீப்பெட்டிக் கூட்டில் ஊற்றினால் பழகுவதற்குப் புதுக் கட்டி தயார். அடுப்பில் நேராக வைத்து உருக்கக் கூடாது, தீப்பிடிக்கும்.

அறுப்பு வகுப்புக்குப் பயப்பட வேண்டாம். முதல் நாள் கண் எரிவதும் வாசனை ஒட்டுவதும், உடல் கெடாமல் இருக்கப் போடும் ஃபார்மலின் வேலை. வெறும் வயிற்றோடு அனுப்பாதீர்கள், இரண்டு இட்லியாவது சாப்பிட்டுப் போகட்டும். காண்டாக்ட் லென்ஸ் இருந்தால் அன்று கண்ணாடி போடட்டும். எங்கள் மேடம் முதல் நாள் எங்களை ஒரு நிமிடம் நிற்க வைத்து, தன் உடலை நமக்குக் கொடுத்தவருக்கு வணக்கம் சொல்லச் சொன்னார். அதோடு என் பயம் போய்விட்டது.

கடைசியாக ஒன்று. தியரிக்கு 75 சதவீதம், பிராக்டிகலுக்குத் தனியாக 75 சதவீதம் வருகை வேண்டும். கடையில் ஆள் இல்லை என்று அவளை நிறுத்தாதீர்கள் அம்மா.

ஜீவன் பீமா நகர் பல் மருத்துவர்:

தங்கை சொன்னது அத்தனையும் சரி. அவர் விட்ட இரண்டை நான் சொல்கிறேன்.

நிறைய காலேஜ்களில் முதல் வருடம் பிடுங்கிய பற்களைச் சேர்த்துக் கொண்டுவரச் சொல்வார்கள். அதற்குக் காசு கொடுக்காதீர்கள். அக்கம்பக்கத்து கிளினிக்குகளில் இப்போதே சொல்லி வைத்தால் எடுத்து வைப்பார்கள், நானே வருடா வருடம் யாருக்காவது கொடுக்கிறேன். வாங்கும்போது கையுறை கட்டாயம். இறுக மூடும் டப்பாவில், வீட்டில் புழங்கும் பிளீச்சிங் திரவம் ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து, பல் மூழ்கும்படி வைக்க வேண்டும். காய விட்டால் விரிசல் விடும். வகுப்பில் கையாளும் முன் காலேஜில் ஆட்டோகிளேவில் (நீராவிச் சூட்டில் கிருமி கொல்லும் கருவி) போட்டுத் தரச் சொல்லட்டும். வெள்ளி அடைத்த பல் இருந்தால் தனியாகப் பிரித்துச் சொல்ல வேண்டும். அதில் பாதரசம் இருப்பதால் சூட்டில் போடக் கூடாது, 10 சதவீத ஃபார்மலினில் இரண்டு வாரம் வைப்பார்கள். சமையலறைப் பக்கம் அந்த டப்பா வரவே கூடாது. மாவு அரைக்கும் வீடு என்பதால் அழுத்திச் சொல்கிறேன்.

இரண்டாவது, ரத்தம் வழியாகப் பரவும் கல்லீரல் நோயான ஹெபடைட்டிஸ் பி-க்குத் தடுப்பூசி. குழந்தையில் போட்ட அட்டை இருந்தால் எடுத்துக்கொண்டு டாக்டரிடம் காட்டுங்கள். இல்லையென்றால் முதல் வருடமே தொடங்கிவிடுங்கள். முதல் ஊசி, ஒரு மாதம் கழித்து ஒன்று, ஆறாம் மாதம் ஒன்று. முடிந்து ஒன்றிரண்டு மாதத்தில் ரத்தப் பரிசோதனையில் ஆன்டிபாடி (நோய் எதிர்ப்புப் பொருள்) அளவு 10க்குக் குறையாமல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மூன்றாம் வருடம் நோயாளியின் வாயில் கை வைக்கும்போது ஓடிப் போய்ப் போட்டுக்கொள்ளும் ஊசி அல்ல இது. உங்கள் 25,000 கணக்கில் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அல்சூர் மாவுக்கடை:

எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. தடுப்பூசி அட்டை பீரோவில் கிடைத்துவிட்டது, திங்கட்கிழமை காட்டப் போகிறோம். ஓக்லிபுரம் அண்ணா சொன்ன செலவுக் கடிதத்தைக் காலேஜ் ஆபீஸில் கேட்டேன், ஒரு வாரத்தில் தருகிறோம் என்றார்கள். பரீட்சைப் பணத்துக்குக் கடையில் தனி டப்பா வைத்திருக்கிறேன்.

கண்ணு, நீ சொன்ன அப்பா நோட்டைப் படித்துவிட்டு இவருக்குக் கண் கலங்கிவிட்டது. மகள் நேற்று ராத்திரி சோப்பில் ஒரு பல் செதுக்கி கல்லாப் பெட்டி மேல் வைத்திருக்கிறாள். மாவு வாங்க வருகிறவர்கள் எல்லாம் எடுத்துப் பார்க்கிறார்கள். எனக்குப் பார்க்க அப்படியே பல்தான். ஆனால் அவள், எங்கேயோ தப்பு இருக்கிறது, என்ன என்று தெரியவில்லை என்கிறாள். கீழ்நுனியில் இரண்டு மூலையும் ஒரே மாதிரி கூராக இருக்கிறது. அதுவா கண்ணு?

விவேக் நகர் ஹவுஸ் சர்ஜன்:

அதேதான் அம்மா! நீங்களே கண்டுபிடித்துவிட்டீர்கள். மற்ற நடுப்பல்லைத் தொட்டுக்கொண்டிருக்கும் பக்கத்து மூலை கூராக இருக்க வேண்டும். கன்னத்துப் பக்கம் போகும் மூலை கொஞ்சம் உருண்டிருக்க வேண்டும். கண்ணாடியில் அவள் பல்லையே பார்க்கச் சொல்லுங்கள், தெரியும். அதை வைத்துத்தான் வலது பல்லா இடது பல்லா என்று பிரிக்கிறோம், வைவாவில் (வாய்மொழித் தேர்வு) முதல் கேள்வியே அதுதான். கழுத்துக் கோட்டின் வளைவும் இரண்டு பக்கமும் ஒன்றல்ல. கூர் மூலைப் பக்கம் 3.5 மில்லிமீட்டர், மறுபக்கம் 2.5.

அதைத் திருத்தியதும் மேல் கோரைப்பல்லுக்குப் போகட்டும்: கிரீடம் 10, வேர் 17, அகலம் 7.5, கனம் 8. வேர் நீளம், அதனால் சோப்பைக் குறுக்கே வெட்டாமல் நீளவாக்கில் எடுக்கச் சொல்லுங்கள்.